லேபிள் சண்டை, பதிப்பு 0.1

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய சமாச்சாரங்களை வெளியிட்டிருக்கிறார்கள். மேடை, விளக்கு, கைதட்டல் எல்லாம் இருந்திருக்கும். நான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அச்சகத்தின் பின்பக்கம் உட்கார்ந்து, வலது கை முழுக்கத் தயிர்ச் சோறோடு, இடது கைப் பெருவிரலால் வெளியிட்டேன். 

'ஏழாம் நம்பர் வண்டி' என்ற வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி இது:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி லேபிள் சண்டை இனிமேல் போனில். கீழே உள்ள இணைப்பைத் தொட்டால் போதும், எந்த வண்டியில் இருந்தாலும் யாரோடும் மோதலாம். இது முதல் பதிப்பு, 0.1. தப்பு இருக்கும். தப்பைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க. இப்படிக்கு, கருப்பம்மாள் மகன் கதிரவன்."

ஐந்து மாத வேலை.  யாராவது உடனே பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், யாருமே பார்க்க மாட்டார்களோ என்ற பயம் மறுபக்கம். இரண்டாவதுதான் நடந்தது. குழுவில் என்னையும் டிரைவரையும் கழித்தால் மற்ற எல்லோரும் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. காலையில் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வண்டி ஏறும்போதுதான் கைக்கு வரும். இருபத்தேழு வருடமாகப் பட்டாசுக்காரி மகனாக இருக்கிற எனக்கு இது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

ஆக, மதியம் ஒன்றரைக்கு என் படைப்பைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். டிரைவர் தங்கப்பாண்டியன் அண்ணன். அவர் உடனே பதில் போட்டார். ரோஜாப்பூப் படம், 'இனிய காலை வணக்கம்'.

எனக்கு வந்த முதல் விமரிசனம் அதுதான்.

சண்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது. ஏழாம் நம்பர் வண்டி மல்லாங்கிணற்றில் கிளம்பி, விருதுநகரைத் தொட்டு, ஆமத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு, சிவகாசிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. போக வர நேரம் போகாது. அச்சு கோணலாக விழுந்து கழித்துப்போட்ட பட்டாசுப் பெட்டி லேபிள்களை வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு சண்டையைக் கண்டுபிடித்தார்கள். கலைத்துப் போட்டு ஆளுக்கு ஏழு லேபிள். இரண்டு பேர் ஒவ்வொன்றை மடியில் கவிழ்த்து வைக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, வெடி!" என்று தொடையில் ஓர் அடி அடித்துத் திருப்ப வேண்டும். சத்தத்தில் பெரியது ஜெயிக்கும். அணுகுண்டுக்கு முன்னால் லட்சுமி வெடி தோற்கும், லட்சுமி வெடிக்கு முன்னால் குருவி வெடி தோற்கும். எல்லாவற்றுக்கும் அடியில், சத்தமே போடாத பாம்பு மாத்திரை.

ஆனால் ஒரு விதி. வெளியே மழை பெய்தால் அத்தனை வெடியும் நமத்துப் போனதாகக் கணக்கு. அப்போது பாம்பு மாத்திரைதான் ராஜா. ஏனென்றால் அதை மட்டும்தான் வீட்டுக்குள் வைத்துக் கொளுத்தலாம். பட்டாசு செய்கிறவர்கள் போட்ட விதி, தர்க்கத்தில் ஓட்டை இருக்காது.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் அம்மா. இன்னொருவர் மல்லாங்கிணறு சொர்ணலட்சுமி அத்தை. சொந்தமெல்லாம் கிடையாது. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மாறி மாறி 'மதினி' என்று கூப்பிட்டதில் எனக்கு அத்தை ஆகிவிட்டார். அம்மா அணுகுண்டு கையில் வந்தால் கடைசிவரை அதை வெளியே விட மாட்டாள். அத்தை, கோடை வெயில் மண்டையைப் பிளந்தாலும், மழையை நம்பிப் பாம்பு மாத்திரையைக் கடைசிவரை வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் மற்றவரின் கையில் என்ன இருக்கிறது என்று எப்போதும் தெரியும். இருந்தாலும் தினமும் மோதினார்கள்.

போன மாசியில் ஒரு சாயங்காலம் ஆட்டம் மூன்றுக்கு மூன்று. கடைசி லேபிள். திருப்பினார்கள். இந்தப் பக்கம் அணுகுண்டு, அந்தப் பக்கம் பாம்பு மாத்திரை. அதே நேரத்தில் வண்டிக் கண்ணாடியில் நாலு துளி விழுந்தது.

"மளை! மளை வந்திருச்சு! ஒன் குண்டு நமத்துப் போச்சு மதினி!"

"இதுக்குப் பேரு மளையா? தங்கப்பாண்டி இன்னும் வைப்பரே போடல. தூறலுக்கெல்லாம் அணுகுண்டு நமக்காது. எங்கையால கட்டுன குண்டாக்கும் இது!"

"நீ கட்டுனதுனாலதான் நமக்குதுங்கேன்!"

வண்டி முழுக்கச் சிரித்திருக்கிறது. அம்மா சிரிக்கவில்லை. அவள் வைக்கிற குழம்பைக் குறை சொல்லலாம், பெற்ற பிள்ளையைக் குறை சொல்லலாம், பிள்ளை விஷயத்தில் அவளே கூடச் சேர்ந்துகொள்வாள். கைவேலையைச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் வந்ததும் பேசாமல் இறங்கிவிட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இறங்கியிருப்பாள்.

மறுநாள் கம்பெனிக் கதவு பூட்டிக் கிடந்தது. முதலாளி வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அம்மாவுக்கு எம். புதுப்பட்டியில் வேலை கிடைத்தது. அத்தைக்கு மல்லாங்கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனி. பதினோரு வருடத்துப் பக்கத்து சீட்டு ஒரு சண்டையில் நின்று போனது, அதுவும் தூறலில்.

"ஒரு போன் போடேம்மா" என்று நான் சொன்னேன்.

"ஏன், அவளுக்குக் கையில்லையா? அவ போடட்டும்."

ஆறு மாதம் ஆயிற்று. புது வண்டியில் யாரும் லேபிள் விளையாடுவதில்லை. ஆனாலும் ரப்பர் பேண்டு போட்ட அந்த லேபிள் கட்டு அம்மாவின் ஒயர் கூடையில், தூக்குவாளிக்கு அடியில், தினமும் போய்விட்டுத் தினமும் திரும்பி வந்துகொண்டிருந்தது. முதல் மாதத்திலேயே அது என் கண்ணில் பட்டது, அன்றுதான் வேலையைத் தொடங்கினேன்.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைக்கிறவன் நான். மூன்று வருடக் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பை நிதானமாக, ருசித்து, ஐந்து வருடம் படித்தவன். கல்லூரியில் புரியாததை இப்போது வீடியோ பார்த்துப் படித்து, ஒரு வரி எழுதி மூன்று வரி அழித்து, இந்தச் சண்டையைக் கட்டினேன். படங்களுக்கு மட்டும் கஷ்டப்படவில்லை. அணுகுண்டு லேபிளில் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிங்கம் நான் வரைந்ததுதான். கொஞ்சம் என் சாயல் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். சிங்கத்துக்குத்தான் அவமானம்.

விளையாட்டு ஓட ஒரு சர்வர் வேண்டுமே. அச்சகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்வரின் பழைய லேப்டாப் சர்வரானது. அது சூடாகும். சூடானால் படுத்துவிடும். அதனால் கடையில் இருந்த ஒரே டேபிள் பேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்தோம்.

"மாப்ள, கடைக்கு வர்ற ஆளு வேர்த்து ஒழுகி நிக்கிது, ஒன் பொட்டிக்குக் காத்து வாங்குது. இது நல்லாயில்ல" என்பான். பேனை மட்டும் திருப்ப மாட்டான். ஆட்டத்தில் வம்புக்கு இழுக்க மூன்று பொத்தான் வைத்திருந்தேன். 'போடு வெடிய!', 'நமத்துப் போச்சு!', 'போதுமா?' மூன்றும் அன்வர் குரல். பெண் குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது, இரண்டு பேரையும் உள்ளே கொண்டு வருவது. அத்தை மகள் ஆர்த்தி விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"யாரு?"

"கதிரவன். கருப்பம்மாள் மகன்."

"ஓ, தூறல் வீட்டுக்காரகளா? சொல்லுங்க."

சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கம்மா தானா வராது. ஒங்கம்மா மொதல்ல கூப்பிட்டாகன்னு சொன்னாத்தான் வரும்" என்றாள்.

"எங்கம்மாவும் அதே கேசுதான்."

"அப்ப ரெண்டையும் ஏமாத்துங்க. அதுக்குத்தான அஞ்சு வருசம் படிச்சிருக்கீக?"

ஐந்து வருட விவரம் மல்லாங்கிணறுவரை போயிருந்தது. ஆனால் யோசனை அருமை. இரண்டே வரி எழுதினேன். அம்மா உள்ளே வந்தால் திரையில் 'சொர்ணலட்சுமி உங்களுக்காகக் காத்திருக்கிறார்' என்று வரும். அத்தை உள்ளே வந்தால் 'கருப்பம்மாள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்' என்று வரும். இரண்டுமே பொய். ஐந்து மாதத்தில் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடியது அந்தப் பொய் மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அன்வர் கடையில் பேனுக்கு முன்னால், லேப்டாப்போடு நெருக்கியடித்து உட்கார்ந்தேன். ஐந்து இருபதுக்கு முதல் பெயர் வந்தது: அம்மாவோடு எம். புதுப்பட்டிக்கு மாறிய பத்திரகாளி அக்கா. அப்புறம் இரண்டு, நாலு, ஏழு. ஐந்தரைக்கு அம்மாவின் பெயர். மூன்றாவது நிமிடம், சொர்ணலட்சுமி! நான் எழுந்து குதித்ததில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் தன் ரேஷன் கார்டைக் கீழே போட்டுவிட்டார்.

பதினோரு பேர் உள்ளே. நடந்த சண்டை: பூஜ்யம்.

"ஆரம்பிங்க" என்று லேப்டாப்பைக் கெஞ்சினேன். பூஜ்யம். சர்வரை நிறுத்தி எழுப்பினேன். மறுபடி பதினோரு பேரும் பொறுமையாக உள்ளே வந்து, மறுபடி சும்மா நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடாமல் நிற்க வைத்த மாதிரி இருந்தது. ஆறேகாலுக்கு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கடைசியாகப் போனது சொர்ணலட்சுமி.

"விடு மாப்ள. மொதப் படம் ஊத்திக்கிறது சகஜந்தான்" என்றான் அன்வர்.

வீட்டுக்குப் போனேன். அம்மா முகம் கழுவிவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியத் தூள் விரல் நகங்களில் வெள்ளியாக மின்னியது.

"ஏம்மா, உள்ள வந்தீகள்ல? ஏன் ஒருத்தரும் ஆடல?"

"எதத் தொட்டு ஆட?"

"நடுவுல பெரிசா பொத்தான் இருக்கே. தீக்குச்சி எரியுற மாதிரி..."

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஏலே, நாளு பூராம் மருந்துல கெடந்துட்டு, சேலையெல்லாம் தூளோட, வண்டியில இருபது பொம்பளக உக்காந்திருக்கோம். எரியுற தீக்குச்சியக் காட்டித் தொடுங்குற. யாருலே தொடுவா?"

"அது படம்மா!"

"படம்னு தெரியும். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கை போகல. பத்திரகாளி போனையே கவுத்தி வச்சுட்டா. ஒன்னய பட்டாசுக்காரி பெத்தான்னு வெளிய சொல்லிறாத."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். லேபிளில் 'தீயிலிருந்து தள்ளி வைக்கவும்' என்று தினம் பத்துத் தடவை எழுதுகிறவன் நான்.

அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவ காத்துக்கிட்டிருக்கான்னு போட்டிருந்துச்சே. நெசமாவே மொதல்ல வந்துட்டாளாக்கும்?"

"ஆமாம்மா" என்றேன் நான், இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே.

"ம்" என்றாள். அந்த 'ம்'மில் இருந்த சந்தோஷத்தை வைத்து ஒரு வருடம் ஓட்டலாம் போல இருந்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கும் இது ஓடவில்லையென்றால், இரண்டு பேரும் மற்றவர் வந்துவிட்டுப் பேசாமல் போய்விட்டதாக நினைப்பார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமிருந்தும் போன் வராது. பொய்யைச் சொல்லிவிட்டேன், அதற்கு ஒரு சண்டையைக் காட்டியே ஆக வேண்டும்.

தீக்குச்சியைத் தூக்கிவிட்டு, விரித்த உள்ளங்கை ஒன்றை வரைந்து வைத்தேன். தொட்டால், தொடையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். சத்தத்துக்கு என் தொடையையே உபயோகித்தேன். நல்ல பதிவு கிடைப்பதற்குள் சிவந்துவிட்டது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சர்வரை அன்வரிடம் விட்டு, அச்சகத்து லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு, நாலு மணிக்கே எம். புதுப்பட்டிக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். அம்மா இப்போது போகும் வண்டிக்கும் தங்கப்பாண்டியன் அண்ணன்தான் டிரைவர். "வாப்பா விஞ்ஞானி" என்று கடைசி சீட்டில் இடம் கொடுத்தார். வானம் கருத்து இறங்கியிருந்தது. நாலரைக்கு ஓர் இடி. இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அரை மணி நேரம் முன்னாலேயே பெண்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வண்டியில் ஏறினார்கள். எனக்கு அப்போது அதன் பொருள் உறைக்கவில்லை.

வண்டி மண் பாதையைத் தாண்டித் தார் ரோட்டு முனைக்கு வருவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ரோட்டை மறித்துச் செந்தண்ணீர் ஓடியது. "வடியட்டும்" என்று அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

அம்மா போனை எடுத்தாள். வெள்ளி விரலால் இணைப்பைத் தொட்டாள். 'சொர்ணலட்சுமி உங்களுக்காகக் காத்திருக்கிறார்.'

"இந்தா, இன்னைக்கும் மொதல்லயே வந்துட்டா!" என்று வண்டிக்கே அறிவித்துவிட்டு உள்ளங்கைப் பொத்தானைத் தட்டினாள். எதுவும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள்.

"கதிரு, காத்திருக்காங்குது. ஆளக் காணமேலே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடி இங்கேதான். மல்லாங்கிணற்றுப் பக்கம் இடி இல்லை. அங்கே ஐந்து மணிவரை வேலை. அத்தையின் போன் வாட்ச்மேனிடம் இருக்கிறது. என் பொய்யோ திரையில் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது.

"சிக்னல்மா. மழையில்ல?"

"சிக்னல் இல்லாட்டி காத்திருக்கான்னு எப்படிலே சொல்லுது?"

ஐந்து வருடம் படித்தவனிடம் எட்டாங்கிளாஸ் கேட்ட கேள்வி.  லேப்டாப்பைத் திறந்து, ஏதோ பழுது பார்ப்பது போலக் கண்ட பட்டன்களையும் தட்டினேன். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். முன் சீட்டிலிருந்து பத்திரகாளி அக்கா திரும்பி, "விடு மதினி, பெரிய ராணி அவ. இஷ்டமிருந்தா வரட்டும்" என்றாள்.  மணி ஐந்து ஐந்து. ஐந்து பத்து. அம்மா ஒயர் கூடைக்குள் கையை விட்டு, அந்த லேபிள் கட்டின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். டப். டப்.

ஐந்து பதினாலுக்கு என் லேப்டாப்பில் பெயர் வந்தது.

"வந்துட்டாக!" என்று கத்திவிட்டேன்.

"இம்புட்டு நேரம் இருக்கான்னீயே?" என்று அம்மா திரும்பினாள். அதற்குள் அவள் போனிலிருந்து அன்வரின் கரகரத்த குரல் முழங்கியது: "போடு வெடிய!"

வண்டி குலுங்கியது. "யாருடி இது, சொர்ணத்துக்குத் தொண்டை கட்டிருச்சா?"

அம்மாவுக்கு இனி எந்தக் கேள்வியும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொண்டையை இறுக்கினாள். "அடி வாங்காம போகமாட்டேங்கியா? வாடி மதினி" என்று உள்ளங்கையை ஓங்கித் தட்டினாள். என் தொடைச் சத்தம் கேட்டது.

முதல் சண்டை. உலகத்திலேயே முதல். லட்சுமி வெடிக்கு எதிரே குருவி வெடி. 'டமார்! கருப்பம்மாள் வெற்றி!' இருபது பெண்களும் போட்ட கூச்சலில் தங்கப்பாண்டியன் அண்ணன் ஆரனை அழுத்திவிட்டார்.  ஓடுகிறது. நான் எழுதியது ஓடுகிறது! இரண்டாவது அத்தைக்கு. மூன்றாவதும் அத்தைக்கு. "போதுமா?" என்றான் அன்வர். அம்மா "நமத்துப் போச்சு!" பொத்தானைக் கண்டுபிடித்து ஏழு தடவை விடாமல் தட்டினாள். பத்திரகாளி அக்கா கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ராக்கெட்டப் போடு, ராக்கெட்டப் போடு" என்று ரகசியமாகக் கத்தினாள். நாலாவது ராக்கெட்டில் அம்மாவுக்கு. ஐந்தாவது அத்தைக்கு. ஆறாவது அம்மாவுக்கு.

மூன்றுக்கு மூன்று. கடைசி லேபிள்.

அம்மா கையில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை கையில் என்ன என்றும் தெரியும். வண்டிக் கூரையில் மழை உருட்டிக்கொண்டிருந்தது. "ஒண்ணு... ரெண்டு..." என்று வண்டி முழுக்க எண்ணியது. "வெடி!"

சிங்கம் கண்ணை உருட்டியது. பாம்பு மாத்திரை சுருண்டு எழுந்தது. 'டமார்! கருப்பம்மாள் வெற்றி! ஆட்டம் முடிந்தது.'

ஆரன், விசில், கூச்சல். நான் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தேன். அம்மா மட்டும் ஜன்னல் கண்ணாடியை நகர்த்திக் கையை வெளியே நீட்டினாள். முழங்கைவரை நனைந்த கையை உள்ளே இழுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதென்னதுலே?"

"மழைம்மா."

"மளையில குண்டு எப்படி வெடிச்சிச்சு?"

பெருமையோடு விளக்கினேன். மழையா தூறலா என்று யாரும் அடித்துக்கொள்ளக் கூடாதென்று, வானிலை சொல்லும் ஒரு தளத்திலிருந்து சிவகாசி நிலவரம் தானாகவே வந்துவிடும்படி செய்திருக்கிறேன். சிவகாசியில் இப்போது மழை இல்லை. ஆகவே குண்டு வெடித்தது செல்லும்.

"நான் சிவகாசியிலயா இருக்கேன்?"

"இல்ல."

"அவ சிவகாசியிலயா இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் யாரு வீட்டு மளையப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுது ஒன் பொட்டி?"

ஏழாம் நம்பர் வண்டியில் ஒரே கூரை, ஒரே வானம். இங்கே இரண்டு வண்டி, இரண்டு வானம். நான் மூன்றாவதாக ஒரு வானத்தை நடுவராகப் போட்டிருந்தேன்.

"அவ இடத்துல பெய்யுதா?" என்றாள் அம்மா.

"தெரியலையே."

"கேளு."

வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியான நேரத்தில் சரியான வார்த்தை வந்தது. "நீயே கேளும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பெயரைத் தேடவில்லை. பத்து எண்ணையும் மனப்பாடமாக அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, அத்தை எடுத்துவிட்டார்.

"மதினி!"

"மதினி, என் குண்டு செல்லாது. இங்கன கொட்டு கொட்டுன்னு கொட்டுது. வைப்பரு ரெண்டும் ஓடுது. நமத்துப் போச்சு. நீதான் ஜெயிச்ச."

"என்னத்த நமத்துச்சு? இங்கன வெயிலு பல்லக் காட்டுது. ஒன் குண்டு இங்கன வந்துதான வெடிச்சிச்சு? என் காதே அடைச்சுப் போச்சு. நீதான் ஜெயிச்ச."

"மளையில எப்படிடி வெடிக்கும்?"

 அத்தை குரல் இறங்கி வந்தது. "ஒங்கையால கட்டுன குண்டு மதினி. தண்ணிக்குள்ள போட்டாலும் வெடிக்கும். நமக்குமாக்கும்?"

அம்மா நனைந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆகவே எது மழை என்று சொல்ல முடியவில்லை. "பொய்யி சொல்லுதன்னு நெனைக்காதடி. இந்தா, கேளு" என்று போனை ஜன்னலுக்கு வெளியே, கொட்டுகிற மழைக்குள் நீட்டினாள். முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த போன். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் அத்தை சிரிக்கிற சத்தம் மழைக்கு மேலே கேட்டது. "கேக்குது, கேக்குது! உள்ள எடு, போனு நமத்துறப் போகுது!"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புதுக் கம்பெனி, சீசன் ஆர்டர், முழங்கால் வலி, ஆர்த்தியின் பிடிவாதம் எல்லாம் ஓடியது. செந்தண்ணீர் வடிந்து வண்டி கிளம்பியது. நடுவில் அத்தை சொன்னார்: "எப்படியோ மதினி, நேத்து நீ மொதல்ல வந்து காத்துக்கிட்டிருந்தியே, அதுலயே எனக்கு மனசு ஆறிப் போச்சு."

"நானா? நீதான மொதல்ல வந்து காத்துக்கிட்டிருந்த?"

"நான் எங்க? ஒம் பேருதான் போட்டிருந்துச்சு."

"இங்கன ஒம் பேருல்ல போட்டிருந்துச்சு?"

 இருபது தலைகள் மெதுவாகக் கடைசி சீட்டைப் பார்த்துத் திரும்பின. நான் லேப்டாப் மூடியை நிமிர்த்தி, அதற்குப் பின்னால் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக உட்கார்ந்தேன்.

"ஏலே கதிரு."

"பதிப்பு 0.1மா. தப்பு இருக்கும்னு அப்பவே சொன்னேன்."

போனில் அத்தை: "திட்டாத மதினி மருமகனை. இந்தத் தப்பத் திருத்திற வேண்டாம்னு சொல்லு."

அம்மா திட்டவில்லை. ஒயர் கூடையைத் துழாவி, தூக்குவாளிக்கு அடியிலிருந்து லேபிள் கட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, பத்திரகாளி அக்காவிடம் நீட்டினாள். "நாளைக்கு எனக்கு ஆளு இருக்கு. நீங்க இத வச்சு ஆடுங்க."

சிவகாசி தாண்டும்போது, அன்வரிடமிருந்து செய்தி வந்தது: 'மாப்ள, பேனு நின்னு போச்சு. பொட்டி இன்னும் ஓடுது. இது அதிசயம்.' அடுத்தது ஆர்த்தி: 'அம்மா அரை மணி நேரமா போன்ல சிரிக்குது. என்னய்யா செஞ்சீக?' அதற்கு என்ன பதில் போடலாம் என்று ஆமத்தூர் வரும்வரை யோசித்தேன். கடைசியில் பதற்றத்தில் விரல் தவறி, ரோஜாப்பூப் படம் ஒன்றைத்தான் அனுப்பினேன். 'இனிய காலை வணக்கம்.' சாயங்காலம் ஆறே முக்கால்.

குழுவில் நான் போட வேண்டிய செய்தியை மட்டும் பிழையில்லாமல் போட்டேன்: "பதிப்பு 0.1இல் தெரிந்த குறைகள்: தீக்குச்சி எடுக்கப்பட்டது. சிவகாசி மழை எடுக்கப்படுகிறது. இனி அவரவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து, அவரவரே சொல்ல வேண்டும். நம்புவோம்."